ஆங்கிலத்தில் இன்டர்வியூ: மாதிரிப் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போகலாமா?

நீலவானம்:

எல்லோருக்கும் வணக்கம். அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஆறு வருஷ அனுபவம் இருக்கிறது. ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போவதைப் பிடிக்க எக்செல்லில் ஒரு சோதனைத் தாள் செய்திருக்கிறேன், அடுத்து அனாலிசிஸ் வேலைக்குப் போக ஆசை. அடுத்த வாரம் ஒரு நிறுவனத்தில் இன்டர்வியூ. மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்களாம், முக்கால் மணி நேரமாம், முழுக்க ஆங்கிலத்தில்தானாம்.

ஆங்கிலத்தில் படிப்பதிலோ மெயில் எழுதுவதிலோ எனக்குச் சிக்கல் இல்லை. பேச்சுதான் தடுக்குகிறது. கேள்வி புரிந்துவிடும், பதிலும் தமிழில் தயாராக இருக்கும். அதை ஆங்கிலமாக்கி வாய்க்குக் கொண்டுவருவதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

அதனால் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்', 'வாட் இஸ் யுவர் வீக்னஸ்', 'வொய் டு யூ வான்ட் டு லீவ் யுவர் ஜாப்', 'வேர் டு யூ சீ யுவர்செல்ஃப் இன் ஃபைவ் இயர்ஸ்' என்று வழக்கமாக வரும் கேள்விகளுக்கு மாதிரிப் பதில்களைத் தேடித் தொகுத்து வைத்திருக்கிறேன். வரிக்கு வரி மனப்பாடம் செய்தால் சரிவருமா? இன்டர்வியூ எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

தேர்வறை:

பல வருஷமாக மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பதிலை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் வேலையில் நடந்த சம்பவங்களை மனப்பாடம் செய்யுங்கள்.

காரணம் இதுதான். மனப்பாடப் பதில் முதல் கேள்வியோடு தீர்ந்துவிடும். 'ஐ ஆம் எ டீம் ப்ளேயர்' என்று நீங்கள் சொன்னதும் நான் கேட்கப்போவது 'கேன் யூ கிவ் அன் எக்ஸாம்பிள்?'. அதற்கு நோட்டில் பதில் இருக்காது. அந்த இடத்தில் சரளமாக வந்த ஆங்கிலம் சட்டென்று தடுமாறுவதைக் கேட்கிறவர் உடனே கவனித்துவிடுவார். அதுவரை சொன்னது எதுவும் உங்களுடையது இல்லை என்ற சந்தேகமும் வந்துவிடும். அந்தச் சந்தேகம் உங்கள் இலக்கணப் பிழைகள் எல்லாவற்றையும் விட அதிகம் கெடுக்கும்.

கொஞ்சம் பின்னணி தெரிந்தால் பயம் குறையும். இப்போது பல நிறுவனங்கள் எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே மதிப்பெண் தாளில் குறிக்கின்றன. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 1998-ல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 வருஷ ஆராய்ச்சி முடிவுகளைத் தொகுத்தார்கள். இப்படி ஒழுங்குபடுத்திய இன்டர்வியூவுக்கும் பிற்பாடு வேலையில் காட்டும் திறமைக்கும் உள்ள தொடர்பு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.51, வாய்க்கு வந்ததைக் கேட்கும் இன்டர்வியூவுக்கு 0.38 என்று வந்தது. 2022-ல் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். எண்கள் 0.42, 0.19 என்று இறங்கின. ஆனால் மற்ற தேர்வு முறைகளோடு ஒப்பிட்டபோது ஒழுங்குபடுத்திய இன்டர்வியூதான் முதலிடத்துக்கு வந்தது.

இதில் உங்களுக்கு என்ன? எதிரில் இருப்பவர் உங்கள் பேச்சழகை ரசிக்க உட்காரவில்லை. அவர் கையில் இருக்கும் தாளில் 'பிரச்சினையைத் தீர்க்கும் திறன்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுத அவருக்கு ஆதாரம் வேண்டும். 'ஹார்ட் வொர்க்கிங்', 'டெடிகேட்டட்', 'பாசிட்டிவ் ஆட்டிட்யூட்' என்ற சொற்களை அவர் எங்கே எழுதுவார்? 'ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போவதைக் கண்டுபிடித்தார், சோதனைத் தாள் செய்தார், மாதக் கணக்கு முடிக்கும் நாள் குறைந்தது' என்றால் மூன்று வரி எழுதலாம்.

நடந்ததைக் கேட்டு ஆளை எடைபோடும் பழக்கம் பழையது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படைக்கு ஆள் தேர்வு செய்த உளவியலாளர் ஜான் ஃபிளானகன், 'நல்ல விமானி எப்படி இருக்க வேண்டும்' என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, உண்மையில் நடந்த சம்பவங்களைச் சேகரிக்கும் முறைக்கு வந்தார். அதை 1954-ல் கட்டுரையாக வெளியிட்டார். 'டெல் மீ அபவுட் எ டைம் வென்...' என்று இன்றைக்குக் கேட்கிறார்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

எனவே ஆறு சம்பவங்கள் எடுங்கள். ஒரு சிக்கலைத் தீர்த்தது, ஒருவரோடு கருத்து வேறுபாடு வந்தது, நெருக்கடியான கெடு, சறுக்கிய ஒன்று, நீங்களாகக் கற்றுக்கொண்ட ஒன்று, பெருமையான ஒன்று. இருபது கேள்விக்கும் இந்த ஆறைத்தான் திருப்பித் திருப்பிப் பயன்படுத்துவீர்கள்.

கரும்பலகை:

தேர்வறை சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் ஒரு திருத்தம். மனப்பாடமே கூடாது என்றால் நீலவானம் மாதிரி ஆட்களுக்குக் கால் ஊன்ற இடமே இருக்காது. பதில்களை வேண்டாம், இணைப்புத் தொடர்களை மனப்பாடம் செய்யுங்கள்: 'ஒன் எக்ஸாம்பிள் தட் கம்ஸ் டு மைண்ட் இஸ்...', 'தி மெயின் ரீசன் வாஸ்...', 'வாட் ஐ டிட் வாஸ்...', 'இன் தி எண்ட்...', 'சின்ஸ் தென்...'. இப்படிப் பத்துப் பன்னிரண்டு போதும். இவை யோசிக்காமல் வந்தால், நடுவில் வரும் விஷயத்தை யோசிக்க மூளைக்கு நேரம் கிடைக்கும்.

நம்மவர்களுக்கு ஆங்கிலத்தில் நேரும் பெரிய சிக்கல் இலக்கணத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. நீலவானம் சொல்லும் திணறலுக்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். பேச்சையும் அப்படியே கட்டுவோம். முதலில் சூழ்நிலை, பிறகு காரணங்கள், எல்லாம் சொல்லி முடித்து 'அதனாலதான் வேற வேலை தேடுறேன்' என்று நிறுத்துவோம். கேட்கிறவரும் தமிழர் என்றால் பொறுமையாக முடிவுக்குக் காத்திருப்பார். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டவர் முதல் வாக்கியத்திலேயே பதிலை எதிர்பார்ப்பார். 'ஆக்சுவலி மை கம்பெனி இஸ் எ ஸ்மால் கம்பெனி, இன் தட் கம்பெனி ஓன்லி டூ பீப்பிள் இன் அக்கவுண்ட்ஸ், ஸோ எவ்ரி மன்த்...' என்று ஆரம்பித்தால், அரை நிமிஷத்தில் அவர் 'இவர் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை போல' என்று முடிவுகட்டிவிடுவார். உங்களுக்கோ, அந்த நீண்ட வாக்கியத்தைப் பிழையில்லாமல் முடிக்க வேண்டிய பாரம்.

எனவே பழக்கத்தைத் திருப்புங்கள். எந்தக் கேள்வியானாலும் முதல் வாக்கியம் பதில். குட்டியாக இருக்கட்டும். 'ஐ வான்ட் டு மூவ் இன்டு அனாலிசிஸ்.' முற்றுப்புள்ளி. அப்புறம் 'இன் மை கரன்ட் ஜாப், மோஸ்ட் ஆஃப் மை வொர்க் இஸ் டேட்டா என்ட்ரி.' இப்படிச் சின்னச் சின்னதாக. குறுவாக்கியம் பேசுகிறவரை யாரும் ஆங்கிலம் தெரியாதவர் என்று நினைப்பதில்லை. தெளிவான ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

நீலவானம்:

தேர்வறை சார், கரும்பலகை டீச்சர், இருவருக்கும் நன்றி. வரிசை பற்றிச் சொன்னது அப்படியே என் பேச்சைக் கேட்டுவிட்டுச் சொன்ன மாதிரி இருக்கிறது.

நான் எழுதி வைத்திருந்த அறிமுகத்தை இங்கே போடுகிறேன். தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

'குட் மார்னிங் சார், மைசெல்ஃப் நீலவானம். ஐ ஆம் கமிங் ஃப்ரம் எ மிடில் கிளாஸ் ஃபேமிலி, மை ஃபாதர் இஸ் ரிட்டயர்டு. ஐ ஹேவ் பாஸ்டு அவுட் பி.காம். ஐ ஆம் வொர்க்கிங் இன் திஸ் கம்பெனி சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ். வீ ஆர் டூயிங் ஆல் அக்கவுண்ட்ஸ் வொர்க்ஸ். மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் வொர்க், மை ஹாபீஸ் ஆர் ரீடிங் அண்ட் லிஸனிங் மியூசிக்.'

கரும்பலகை:

வரிவரியாகப் பார்ப்போம்.

'மைசெல்ஃப்' என்று பெயரைச் சொல்லத் தொடங்குவதை இன்றோடு விடுங்கள். 'ஐ ஆம்' அல்லது 'மை நேம் இஸ்'. அவர்களுக்கு உங்கள் பெயர் ஏற்கெனவே தெரியும் என்பதால் அதுவும் தேவைப்படாமல் போகலாம்.

அப்பா, குடும்பம், பொழுதுபோக்கு மூன்றும் வேண்டாம். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றால் வேலை பார்ப்பவராக உங்களைப் பற்றிச் சொல் என்று பொருள்.

'பாஸ்டு அவுட்' என்றால் மற்ற நாட்டு ஆங்கிலக்காரர் காதில் மயங்கி விழுந்ததாகக் கேட்கும். 'ஐ கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள்.

'சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்' மிக முக்கியமான இடம், எல்லா இன்டர்வியூவிலும் வரும். 'ஆறு வருஷமா வேலை செய்யறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஐ ஆம் வொர்க்கிங்' என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அன்று தொடங்கி இன்னும் நடப்பதற்குத் தனி வடிவம்: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்.' கால அளவு சொன்னால் 'ஃபார்', தொடங்கிய ஆண்டு சொன்னால் 'சின்ஸ் 2020'. சேர்ந்த ஆண்டை முடிந்துபோன நிகழ்வாகச் சொன்னால் 'ஐ ஜாயின்ட் இன் 2020', அங்கே 'ஹேவ்' கூடாது. இந்த மூன்று வாக்கியத்தையும் உங்கள் சொந்த ஆண்டுகளைப் போட்டு வாய் பழகும்வரை சொல்லிப் பாருங்கள்.

'வொர்க்ஸ்' வேண்டாம், 'வொர்க்'. 'லிஸனிங் டு மியூசிக்', நடுவில் 'டு' வேண்டும். பொழுதுபோக்கு வரியே போகப்போகிறது, இருந்தாலும் தெரிந்திருக்கட்டும்.

தேர்வறை:

மொழியை டீச்சர் பார்த்துவிட்டார். எனக்கு உறுத்தியது 'வீ ஆர் டூயிங்'. 'நாங்க பண்ணோம்' என்று சொல்வது நம்மிடம் பணிவு. இன்டர்வியூவில் அது உங்களையே மறைத்துவிடும். கேட்கிறவருக்கு உங்கள் குழுவை வேலைக்கு எடுக்கும் உத்தேசம் இல்லை. உங்களைத்தான் எடுக்கப்போகிறார். குழுவைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒருமுறை 'வீ' சொல்லிவிட்டு, 'மை பார்ட் வாஸ்...' என்று உங்கள் பங்குக்கு வாருங்கள். இது தற்பெருமை ஆகாது. உங்கள் வேலையைச் சொல்ல உங்களைத் தவிர அந்த அறையில் யாரும் இல்லை.

அறிமுகத்துக்கு எளிய வரிசை: இப்போது என்ன செய்கிறேன், இதுவரை செய்ததில் ஒரு நல்ல உதாரணம், அடுத்து என்ன தேடுகிறேன். உங்களிடம் உள்ளதை வைத்து ஒரு மாதிரி, மூன்று எண்களையும் நான் கற்பனையாகப் போட்டிருக்கிறேன், உங்கள் உண்மை எண்ணைப் போடுங்கள்:

'ஐ ஆம் அன் அக்கவுன்டன்ட் வித் சிக்ஸ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ், மெயின்லி இன் வெண்டார் பேமென்ட்ஸ். ஐ ஹேண்டில் அபவுட் ஃபோர் ஹண்ட்ரட் இன்வாய்சஸ் எ மன்த். லாஸ்ட் இயர் ஐ பில்ட் எ சிம்பிள் செக் இன் எக்செல், அண்ட் அவர் மன்த்-எண்ட் க்ளோசிங் கேம் டவுன் ஃப்ரம் நைன் டேஸ் டு ஃபைவ். நவ் ஐ வான்ட் டு டூ மோர் அனாலிசிஸ், அண்ட் தட் இஸ் வொய் ஐ அப்ளைட் ஃபார் திஸ் ரோல்.'

சொல்லிப் பாருங்கள், அரை நிமிஷம்தான் ஆகும். ஒன்றரை நிமிஷம் வரை நீட்டலாம், அதற்கு மேல் போகாதீர்கள். இந்தப் பதிலில் நான்கு கொக்கிகள் இருக்கின்றன. எக்செல் சோதனை பற்றி அவர்கள் கேட்டே தீருவார்கள். அப்படிக் கேட்டால் நீங்கள் நன்றாகத் தெரிந்த இடத்துக்கு அவர்களே உங்களை அழைத்துப் போகிறார்கள்.

புதுத்தளிர்:

அண்ணா, அக்கா, நடுவுல கேக்குறதுக்கு மன்னிக்கணும். நான் இப்பதான் படிப்ப முடிச்சிருக்கேன். ஆறு சம்பவம் எடுங்கன்னா எனக்கு வேலையே இல்லையே, எங்கேருந்து எடுக்குறது? 'வொய் ஷுட் வீ ஹயர் யூ'ன்னு கேட்டா என்ன சொல்றதுன்னே தெரியல.

தேர்வறை:

தம்பி, சம்பவம் அலுவலகத்தில்தான் நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் ஒருவர் பாதியில் ஒதுங்கிக்கொண்டபோது வேலையை எப்படிப் பிரித்தீர்கள், கல்லூரி விழாவுக்குக் கையில் இருந்த பணத்துக்குள் எப்படி முடித்தீர்கள், யாருக்காவது பாடம் சொல்லிக்கொடுத்தீர்களா, பகுதி நேரமாக எங்காவது நின்றீர்களா? எல்லாம் செல்லும். புதியவரிடம் நாங்கள் அனுபவத்தைத் தேடுவதில்லை, எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்வார் என்று பார்க்கிறோம்.

'வொய் ஷுட் வீ ஹயர் யூ' என்றால் அவர்கள் விளம்பரத்தில் கேட்ட தகுதிகளில் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் உள்ள ஒரு ஆதாரத்தைச் சொல்லுங்கள். 'யூ ஆர் லுக்கிங் ஃபார் சம்ஒன் ஹூ நோஸ் எஸ்க்யூஎல். ஐ யூஸ்டு இட் எவ்ரி வீக் இன் மை ஃபைனல் ப்ராஜெக்ட்.' (எஸ்க்யூஎல் என்பது தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி.) மற்றவர்களை விட நான் சிறந்தவன் என்று சொல்லத் தேவையே இல்லை. மற்றவர்களை உங்களுக்குத் தெரியாது.

நேர்கோடு:

எல்லோரும் வாக்கியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கருத்தில் உச்சரிப்புதான் முதலில் காதில் விழுகிறது. அமெரிக்க அல்லது பிரிட்டிஷ் ஆக்சென்ட் வகுப்பில் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

கரும்பலகை:

நேர்கோடு, இதில் நான் உறுதியாக மாறுபடுகிறேன். மன்ரோ, டெர்விங் என்ற கனடா ஆய்வாளர்கள் 1995-ல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். வேற்றுமொழிச் சாயல் தூக்கலாக இருக்கிறது என்று கேட்டவர்களே சொன்ன பல பேச்சுகள், அவர்களுக்கே முழுதாகப் புரிந்தன. சாயல் வேறு, புரிவது வேறு. ஒரு வாரத்தில் ஆக்சென்ட்டை மாற்ற முயன்றால், பேசுகிற விஷயத்தில் இருக்க வேண்டிய கவனம் நாக்குக்குப் போய்விடும்.

புரிய வைப்பது அழுத்தமும் இடைவெளியும். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே எடையில் சொல்வோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஒரு அசை மட்டும் ஓங்கும், மற்றவை தேயும். 'மேனேஜ்மென்ட்'டில் 'மே' ஓங்கும். 'டெவலப்மென்ட்'டில் 'வெ'. 'அக்கவுன்டன்ட்'டில் 'கவு'. 'ரெஸ்பான்சிபிலிட்டி'யில் 'பி'. உங்கள் துறையில் திரும்பத் திரும்ப வரும் முப்பது சொற்களை எடுத்து, ஆன்லைன் அகராதியில் ஒலியைக் கேட்டு, ஓங்கும் அசைக்கு அடிக்கோடு போடுங்கள். இதுவே ஒரு வாரத்துக்குப் போதுமான உச்சரிப்புப் பயிற்சி.

வேகமும் வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சாதாரணமாக நிமிஷத்துக்கு 150 சொல் அளவில் பேசுவார்கள். நீங்கள் 120-ல் பேசினால் நிதானமான ஆளாகத் தெரிவீர்கள். பதற்றத்தில் நாம் எல்லோருமே 180-க்குப் போய்விடுகிறோம், அங்கேதான் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

நீலவானம்:

அழுத்தம் பற்றி யாரும் எனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை டீச்சர். இன்னும் இரண்டு கேள்வி பாக்கி. 'வீக்னஸ்' கேட்டால் 'ஐ ஆம் எ பர்ஃபெக்‌ஷனிஸ்ட்' என்று நோட்டில் இருக்கிறது. எனக்கு உண்மையான பலவீனம் ஆங்கிலப் பேச்சுதான், அதையே சொல்லிவிடலாமா? அப்புறம், இப்போதைய மேலாளரோடு ஒத்துப்போகவில்லை என்பதும் நான் விலகுவதற்கு ஒரு காரணம். அதைச் சொல்வதா, மறைப்பதா?

தேர்வறை:

'பர்ஃபெக்‌ஷனிஸ்ட்' வேண்டவே வேண்டாம். அது ஒரு பலவீனத்தைச் சொல்வதுபோல் பாராட்டைத் தனக்கே வழங்கிக்கொள்வது. எங்கள் தாளில் அதற்கு மதிப்பெண் இல்லை. 'தன்னை அறிந்திருக்கிறாரா' என்பதுதான் அந்தக் கட்டத்தின் பெயர். வேலையின் மையத்தைத் தொடாத, உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள். கூடவே அதற்காக இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 'ஐ யூஸ்டு டு டூ எவ்ரிதிங் மைசெல்ஃப் இன்ஸ்டெட் ஆஃப் ஆஸ்கிங் ஃபார் ஹெல்ப். நவ், இஃப் ஐ ஆம் ஸ்டக் ஃபார் ஆன் அவர், ஐ ஆஸ்க்.' அவ்வளவுதான். பலவீனம் ஒரு வாக்கியம், மாற்றம் ஒரு வாக்கியம்.

ஆங்கிலத்தைப் பலவீனமாகச் சொல்வதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. நேர்மையாக இருக்கும். டீச்சர் என்ன சொல்கிறார் பார்ப்போம்.

கரும்பலகை:

எனக்கு ஆட்சேபம் உண்டு. குறிப்பாக ஆரம்பத்திலேயே 'சாரி ஃபார் மை இங்கிலீஷ்' என்று சொல்வதை என் மாணவர்கள் யாரையும் அனுமதிப்பதில்லை. அதுவரை விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த நொடியிலிருந்து பிழையைக் கேட்கத் தொடங்குவார். நடுவில் தவறிவிட்டால் 'ஸாரி, லெட் மீ சே தட் அகெய்ன்' என்று திருத்திக்கொண்டு போங்கள். தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அவர்களே உங்கள் ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் நேராகச் சொல்லுங்கள்: 'ஐ ரைட் இன் இங்கிலீஷ் எவ்ரி டே. ஐ ஆம் பில்டிங் அப் மை ஸ்பீக்கிங் நவ்.' இரண்டும் உங்கள் விஷயத்தில் உண்மை.

தேர்வறை:

டீச்சர் சொல்வது சரி. அவர்கள் கேட்காமல் நாமாக எடுக்க வேண்டாம்.

மேலாளர் விஷயம். பொய் சொல்லச் சொல்லமாட்டேன். ஆனால் விலகும் காரணங்களில் எதை முன்னால் வைப்பது என்பது உங்கள் உரிமை. உங்களுக்கு அனாலிசிஸ் வேலை வேண்டும் என்பதும் உண்மைதானே, அதைச் சொல்லுங்கள். எங்கே போகிறேன் என்று பேசினால் உரையாடல் புதிய வேலையைப் பற்றியதாக மாறும். எதிலிருந்து ஓடுகிறேன் என்று பேசினால் பழைய அலுவலகப் பஞ்சாயத்தாக மாறும். மேலாளரைப் பற்றியே நேராகக் கேட்டால், 'வீ ஹேட் டிஃபரன்ட் வேஸ் ஆஃப் வொர்க்கிங், அண்ட் ஐ லேர்ன்ட் டு அக்ரீ ஆன் ப்ரையாரிட்டீஸ் அர்லி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

'ஃபைவ் இயர்ஸ்' கேள்விக்குப் பதவியின் பெயரைச் சொல்லாதீர்கள். எந்த வேலையில் கைதேர்ந்திருப்பேன் என்று சொல்லுங்கள். அவர்கள் அறிய விரும்புவது நீங்கள் கொஞ்ச நாள் தங்குவீர்களா என்பதைத்தான்.

மீள்தொடக்கம்:

இந்த இழை எனக்காகவே தொடங்கியது மாதிரி இருக்கிறது. குழந்தைக்காக நான்கு வருஷம் வேலையை விட்டிருந்தேன். 'வொய் இஸ் தேர் எ கேப்' என்று கேட்கும்போது நான் விளக்கிக்கொண்டே போகிறேன், அவர்கள் முகம் இறுகிக்கொண்டே போகிறது. சுருக்கமாக எப்படிச் சொல்வது?

கரும்பலகை:

அன்புத் தோழிக்கு, நீங்கள் நியாயப்படுத்த வேண்டிய குற்றம் எதுவும் செய்யவில்லை. நீண்ட விளக்கம்தான் அதைக் குற்றம்போல ஆக்குகிறது. ஒரு வாக்கியம் இடைவெளிக்கு, மீதி எல்லாம் இன்றைக்கு.

'ஐ டுக் ஃபோர் இயர்ஸ் ஆஃப் டு ரெய்ஸ் மை சைல்ட். தட் இஸ் செட்டில்ட் நவ், அண்ட் ஐ ஆம் ரெடி டு வொர்க் ஃபுல் டைம். இன் தி லாஸ்ட் சிக்ஸ் மன்த்ஸ் ஐ ஹேவ் டன் எ கோர்ஸ் இன்...' என்று உங்கள் துறையில் புதிதாகக் கற்றதைச் சேருங்கள். முதல் வாக்கியத்தில் முடிந்துபோன காலம், கடைசி வாக்கியத்தில் 'ஹேவ் டன்'. சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். அந்த மௌனத்தை நிரப்ப வேண்டிய பொறுப்பு உங்களுடையது இல்லை.

நேர்கோடு:

ஆக்சென்ட் பற்றி டீச்சர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அந்த அடிக்கோடு முறையை நானும் செய்து பார்க்கப்போகிறேன். சம்பளக் கேள்விக்கு என்ன செய்வது? ஆங்கிலத்தில் பேரம் பேச எனக்கு வார்த்தையே வராது.

தேர்வறை:

பேரத்துக்கு நான்கு வாக்கியம் தெரிந்தால் போதும்.

ஆரம்பச் சுற்றிலேயே கேட்டால்: 'குட் யூ ஷேர் தி ரேஞ்ச் ஃபார் திஸ் ரோல்?' பல நேரம் சொல்லிவிடுவார்கள்.

நீங்களே சொல்லு என்றால், முன்பே விசாரித்து வைத்த வரம்பைச் சொல்லுங்கள்: 'பேஸ்டு ஆன் மை எக்ஸ்பீரியன்ஸ், ஐ ஆம் லுக்கிங் ஃபார் சம்திங் பிட்வீன் இவ்வளவு அண்ட் இவ்வளவு.' கீழ் எண், உங்களுக்கு உண்மையிலேயே சம்மதமான எண்ணாக இருக்க வேண்டும். அதைத்தான் அவர்கள் காதில் வாங்குவார்கள்.

குறைவாகச் சொன்னால்: 'தேங்க் யூ. இஸ் தேர் எனி ரூம் டு மூவ் ஆன் தட்?'

யோசிக்க வேண்டுமானால்: 'மே ஐ கெட் பேக் டு யூ பை டுமாரோ?'

பழைய சம்பளத்தைக் கேட்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. கலிஃபோர்னியாவில் 2018 தொடக்கத்திலிருந்து விண்ணப்பதாரரிடம் அதைக் கேட்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவும் அதையே தடுக்கிறது. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்க 2026 ஜூன் வரை கெடு வைத்தார்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் அந்த நாட்டு விதியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

புதுத்தளிர்:

எனக்கு இன்னொரு பயம் இருக்கு. கேள்வியே புரியலேன்னா? வீடியோ கால்ல வேற குரல் விட்டு விட்டு வரும்.

கரும்பலகை:

புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வேறு எதையோ பதிலாகச் சொல்வதுதான் ஆபத்து கண்ணா. கேட்பதில் தவறே இல்லை. எது புரியவில்லை என்று பிரித்துக் கேள். காதில் விழவில்லை என்றால் 'ஸாரி, ஐ டிட் நாட் கேட்ச் தட். குட் யூ ரிப்பீட் இட்?' காதில் விழுந்தும் பொருள் பிடிபடவில்லை என்றால் மறுபடி அதையே சொல்லச் சொல்லிப் பயனில்லை, 'குட் யூ புட் இட் அனதர் வே?' பாதி புரிந்திருந்தால் 'ஆர் யூ ஆஸ்கிங் அபவுட் மை ப்ராஜெக்ட், ஆர் அபவுட் தி டீம்?' இந்த மூன்றாவது வகை உன் மேல் மதிப்பைக் கூட்டும், கவனித்துக் கேட்கிறாய் என்று காட்டும். வெறும் 'வாட்?' மட்டும் வேண்டாம், முரட்டுத்தனமாகக் கேட்கும்.

யோசிக்க நேரம் வேண்டுமா? 'லெட் மீ திங்க் ஃபார் எ மொமென்ட்' என்று சொல்லிவிட்டு நிஜமாகவே மூன்று நான்கு நொடி அமைதியாக இரு. உனக்கு அது யுகமாகத் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது.

நீலவானம்:

ஆறு சம்பவங்களும் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக எழுதாமல் நான்கைந்து சொல் குறிப்பாக வைத்துக்கொண்டு, போனில் பதிவு செய்து பேசிப் பார்க்கிறேன். முதல் வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் இன்னும் பழகவில்லை, வாய் தானாகவே 'ஆக்சுவலி'க்குப் போகிறது. கடைசியாக ஒன்று: 'டு யூ ஹேவ் எனி கொஸ்டின்ஸ் ஃபார் அஸ்' என்றால் 'நோ சார், தேங்க் யூ' என்று சொல்லி எழுந்துவிடலாம்தானே?

தேர்வறை:

எழுந்துவிடாதீர்கள். அதுவும் ஒரு கேள்விதான், சொல்லப்போனால் உங்களுக்குச் சாதகமான கேள்வி. முன்பே தயாரித்து வைக்கக்கூடியது, யாரும் குறுக்கிட மாட்டார்கள். இரண்டு கேள்வி கையில் வைத்திருங்கள். 'வாட் வுட் யூ வான்ட் திஸ் பர்சன் டு அச்சீவ் இன் தி ஃபர்ஸ்ட் த்ரீ மன்த்ஸ்?' என்பது எனக்குப் பிடித்த கேள்வி. அதற்கு அவர்கள் சொல்லும் பதிலைக் கேட்டால் இந்த வேலை உங்களுக்கு ஏற்றதா என்றே தெரிந்துவிடும். மற்றது அவர்கள் பேச்சில் வந்த ஏதாவது ஒன்றைப் பற்றி இருக்கட்டும். 'யூ மென்ஷன்ட் எ நியூ சிஸ்டம். வென் டஸ் இட் ஸ்டார்ட்?' என்பது போல. லீவு, வேலை நேரம் எல்லாம் ஆஃபர் வந்த பிறகு.

அன்று மாலையே நாலு வரி நன்றி மெயில் அனுப்புங்கள். எழுத்தில் உங்களுக்குத் தடையில்லை என்றீர்களே, அங்கே உங்கள் கை ஓங்கியிருக்கும்.

கரும்பலகை:

'ஆக்சுவலி'யை நிறுத்த ஒரு வழி: கேள்வியில் உள்ள சொல்லையே எடுத்து ஆரம்பியுங்கள். 'வொய் டு யூ வான்ட் டு லீவ்?' என்றால் 'ஐ வான்ட் டு லீவ் பிகாஸ்...' 'வாட் இஸ் யுவர் பிக்கஸ்ட் ஸ்ட்ரெங்த்?' என்றால் 'மை பிக்கஸ்ட் ஸ்ட்ரெங்த் இஸ்...' வாக்கியத்தின் பாதியை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள், வேறு பதிலுக்கு நழுவவும் முடியாது. யாரையாவது உங்கள் கேள்விப் பட்டியலை வரிசை மாற்றிக் கேட்கச் சொல்லிப் பயிற்சி செய்யுங்கள். பதிவு செய்ததில் எக்செல் சம்பவத்தை மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், 'ஹேவ்' வரும் இடங்களைக் கேட்டுச் சொல்கிறேன்.